பெத்துராஜின் இயல்பான ஆங்கிலம்

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" என்று ஆரம்பித்தார் பெத்துராஜ்.

சாப்பாட்டு மேஜையில் இருந்தது அவரும் அவர் மகள் பூர்ணிமாவும் மட்டும்தான். நடுவில் ரசம் இருந்த பாத்திரம். அதன் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஓர் ஒலிப்பதிவுக் கருவி. அதில் சிவப்பு விளக்கு எரிந்ததுமே அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். ரசத்தைத் தொடவில்லை. ஹவுராவில் தாம் வேலை பார்த்த காலத்தில் ரயில்வே சிக்னல் பிரிவு கண்ட வளர்ச்சியைப் பற்றி ஆங்கிலத்தில் சொற்பொழிவே தொடங்கிவிட்டார்.

"அப்பா, இயல்பா பேசுங்கப்பா. நாம ரெண்டு பேர்தான இருக்கோம்."

"இயல்பா பேசணும்னா நான் தமிழ்ல பேசுவேனே. நீதான இங்கிலீஷ் வேணுங்கிற" என்றார் பெத்துராஜ்.

பூர்ணிமாவின் மொத்தச் சிக்கலையும் அப்பா ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

கொல்கத்தாவில் ஒரு மொழி ஆய்வு நிலையத்தில் அவளுக்கு வேலை. உலகத்தில் ஆங்கிலம் பேசும் நாடுகள் பலவும் சேர்ந்து ஒரு பெரிய காரியத்தில் இறங்கியிருந்தன. ஒவ்வொரு நாட்டுக் குழுவும் தன் மக்கள் பேசும் ஆங்கிலத்தை உள்ளது உள்ளபடி பதிவு செய்ய வேண்டும். எழுத்தாக்கிக் கணினியில் ஏற்ற வேண்டும். அந்தச் சேகரத்துக்குப் பெயர் கார்ப்பஸ். எல்லாரும் ஒரே அளவில், ஒரே வகைகளில் சேர்த்தால்தான் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும். சிங்கப்பூர்க்காரர் வாக்கியத்தின் வாலில் எத்தனை 'லா' போடுகிறார், நம்மவர் எத்தனை 'ஒன்லி' போடுகிறார், நைஜீரியாவில் அடுத்தவர் கால் தடுக்கினால்கூட ஏன் 'ஸாரி' சொல்கிறார்கள் என்றெல்லாம் அதிலிருந்து எண்ணிப் பார்க்கலாம். இதை அவள் அப்பாவிடம் முதல்முறை விளக்கியபோது அவருக்குத் தெரிந்த கார்ப்பஸ் வருங்கால வைப்பு நிதியில் இருப்பது மட்டுமே. சிங்கப்பூர்க்காரனுக்கு எவ்வளவு வட்டி கொடுக்கிறார்கள் என்று விசாரித்தார்.

நீதிமன்றப் பேச்சு, வகுப்பறைப் பேச்சு எல்லாவற்றையும் இந்தியாவிலேயே மற்ற ஊர்க்காரர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். கொல்கத்தாவின் பங்குக்கு வந்தது வீட்டுப் பேச்சு. உப்புப் போதவில்லை, மின்விசிறியை நிறுத்து என்கிற மாதிரி யாரும் யோசிக்காமல் பேசுகிற பேச்சு. அதுவும் ஆங்கிலத்தில்.

கொல்கத்தாவில் யார் யோசிக்காமல் ஆங்கிலம் பேசுகிறார்கள்? கருவி இருப்பது ஞாபகத்தில் இருந்தால் எல்லாரும் பட்டிமன்றம் நடத்தினார்கள். மறந்துவிட்டால் பெங்காலிக்குப் போய்விட்டார்கள். லேக் கார்டன்ஸில் ஒரு தம்பதி மனமுவந்து ஒரு மாலைப்பொழுதையே கொடுத்தார்கள்; அதில் ஆங்கிலம் என்று தேறியது 'ஓகே' மட்டும்.

ஆய்வுத் தலைவர் ஸ்ரீனிவாசராகவன் திங்கட்கிழமைதோறும் அவளைக் கூப்பிட்டு, ஜமைக்கா முடித்துவிட்டது, அயர்லாந்து எப்போதோ முடித்துவிட்டது என்பார். பிறகு பெருமூச்சு விடுவார். போன வாரம் பெருமூச்சோடு நிறுத்தவில்லை. இந்த மழைக்காலத்துக்குள் வீட்டுப் பேச்சு வராவிட்டால் அந்தப் பொறுப்பை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்களாம். பூர்ணிமாவின் வேலையும் அதோடு போய்விடுமாம்.

அன்று ரசம் ஆறிப்போன பிறகு அவளுக்கு ஒன்று உறைத்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் இயல்பாக வரும் ஒரு நேரம் உண்டு. கோபம் வரும் நேரம்.

சில்லறைக் கோபம் என்றால் தமிழ். ஆட்டோக்காரரோடு தகராறு என்றால் பெங்காலி. ஆனால் அடிவயிற்றிலிருந்து கிளம்பும் கோபத்துக்குப் பெத்துராஜ் ஆங்கிலம்தான் வைத்திருந்தார். பூர்ணிமா வங்கி வேலையை விட்டுவிட்டு மொழியியல் படிக்கப்போகிறேன் என்று சொன்ன அன்று அவர் மூச்சு விடாமல் பேசிய ஆங்கிலம் பெஹாலாவில் அவர்கள் குடியிருக்கும் கட்டிடம் முழுக்கக் கேட்டது. அதை மட்டும் அன்று பதிவு செய்திருந்தால் இன்று அயர்லாந்தெல்லாம் கிட்ட வந்திருக்க முடியாது.

விதிமுறைப்படி, பேசுகிறவர் முன்கூட்டியே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும். எப்போது பதிவாகிறது என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியதில்லை. அப்பா கையெழுத்துப் போட்டிருந்தார். இனி கோபம் வரவழைப்பதுதான் பாக்கி.

மறுநாள் சாம்பாரில் உப்புப் போடாமல் வைத்தாள். அவர் எழுந்துபோய் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். செய்தித்தாளை நிறுத்தினாள். அவர் தெருமுனை டீக்கடைக்குப் போய்ப் படித்துவிட்டு, கூடவே இரண்டு பேரிடம் சிநேகமும் பிடித்துக்கொண்டு வந்தார். அவருடைய பழைய ரேடியோவைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டேன் என்று பொய் சொன்னாள். "நல்ல காரியம் பண்ணினம்மா, அது கரகரன்னு ஒரே தொல்லை" என்றார். மனைவி போன பிறகு அவருடைய கோபம் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டே வந்திருந்தது. அதை அவள் கவனிக்காமல் இருந்துவிட்டாள்.

கடைசியில் பெரிய குண்டை எடுத்தாள்.

"அப்பா, நான் ஒருத்தரைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

பெத்துராஜ் காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"பெங்காலி" என்றாள், காரம் போதாதோ என்று.

"யாரு?"

அதை அவள் யோசித்து வைத்திருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். "மேல்வீட்டு சௌமிக்" என்றாள்.

சௌமிக் வீட்டிலிருந்தபடியே ஏதோ கணினி நிறுவனத்துக்கு வேலை செய்பவன். மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிடுவான். அவனும் அவனை வளர்த்த அத்தையும் மட்டும் அந்த வீட்டில். பூர்ணிமா அவனோடு மொத்தமாகப் பேசியதே ஒரு தபால் பொட்டலம் வீடு மாறி வந்த விஷயமாகத்தான்.

அவள் கருவியைப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இப்போது வரும், இதோ வரும் என்று காத்திருந்தாள். ஆங்கிலம் வரவில்லை. பெத்துராஜ் எழுந்துபோய் முகம் கழுவினார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டார். பிறகு மேஜையிலிருந்த கருவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"மேல. பொண்ணைப் பெத்தவன் இதையெல்லாம் தள்ளிப்போடக் கூடாது."

"இது எதுக்கு?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன்ல? அவங்ககிட்டயும் ஒண்ணு வாங்கிக்கிடுதேன். உன் வேலையும் நடக்கட்டும்."

அவள் வழியை மறித்தாள். இப்போது வேண்டாம், சௌமிக் இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்றாள். அப்படியானால் பெரியவர்களே பேசிக்கொள்வதுதான் முறை என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

திரும்பி வந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. என்ன நடந்தது என்று பூர்ணிமா கேட்டாள். எல்லாம் ஆங்கிலத்தில்தான் பேசினார்களாம். முப்பது வருடமாகப் பெங்காலி பேசுகிற மனிதர் ஏன் ஆங்கிலத்துக்குப் போனார் என்று அவளுக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார்.

"பெங்காலின்னா எடுத்த எடுப்புலயே 'ஆப்னி'யா 'துமி'யான்னு முடிவு பண்ணணும். நம்ம 'நீங்க', 'நீ' மாதிரி. ஒண்ணு ரொம்ப எட்டத்துல நிக்கும், இன்னொண்ணு ரொம்பக் கிட்டத்துல போயிரும். இங்கிலீஷ்ல பாரு, எல்லாத்துக்கும் ஒரே 'யூ'. தரை சமமா இருக்கும்."

சௌமிக்கின் அத்தை ஷர்மிஷ்டா, பூகோளம் கற்பித்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "அந்தம்மா சொன்ன ஒரு விஷயமும் எனக்கு ஒத்துவரலை" என்றார் பெத்துராஜ். "நாளைக்கும் போகணும்."

மறுநாள் காலை பூர்ணிமா மொட்டைமாடியில் சௌமிக்கைப் பிடித்தாள். நடந்ததையெல்லாம் பெங்காலியில் ஒப்பித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு கேட்டான். தன் பிஷி, அதாவது அத்தை, காலையிலேயே எதற்குப் பாயசம் வைத்துக் கொடுத்தார் என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. இன்றைக்கே எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் திரும்பியபோது அவன் பதறிப்போய்த் தடுத்தான். புனேயில் அவனுக்கு ஒரு மலையாளப் பெண் இருக்கிறாளாம். இரண்டு வருடமாகப் பிஷியிடம் சொல்லத் தைரியம் இல்லையாம். முதலில் வேற்று மொழிக்காரி என்கிற அதிர்ச்சி பூர்ணிமாவாலேயே பழகிவிட்டால், பிறகு ஆளை மாற்றிச் சொல்வது சுலபமாக இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளும்படி கெஞ்சினான்.

முடியாது என்று சொல்லத்தான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் அன்று அலுவலகத்தில் ஸ்ரீனிவாசராகவன் கல்யாணியின் அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அவருக்குப் பற்கள் உண்டு என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது.

கல்யாணி பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்குகிறவள். வீட்டுப் பேச்சைச் சேகரித்தவர் தாமே எழுத்தாக்கவும் கூடாது, கேட்கவும் கூடாது என்பது விதி. பெயர்களையும் இடங்களையும் ஒரு மென்பொருள் விழுங்கிவிடும். அதன் பிறகு பேசுகிறவர்கள் வெறும் 'ஏ', 'பி'தான். எந்த வீடு, எந்தத் தெரு என்று கல்யாணிக்கும் தெரியாது, ஸ்ரீனிவாசராகவனுக்கும் தெரியாது.

ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடிக்கவே விடவில்லை என்று ஸ்ரீனிவாசராகவன் ஆனந்தப்பட்டார். குறுக்கே பேசுகிறார்கள், பாதியில் சிரிக்கிறார்கள், ஒரு நிமிஷம்கூடக் கருவி ஞாபகமே இல்லை. இதுதான் இயல்பு, இன்னும் இதே போல வேண்டும் என்றார். பூர்ணிமா சௌமிக்குக்குச் 'சரி' என்று செய்தி அனுப்பினாள்.

அதிலிருந்து பெத்துராஜ் சாயங்காலம் ஆனால் கருவியோடு மேலே போய்விடுவார். சம்பந்தம் பேச அத்தனை விஷயம் இருக்குமென்று பூர்ணிமாவுக்குத் தெரியாது. ஆடியில் ஆகாது, மார்கழியில் ஆகாது என்று இவர் சொன்னால், பாத்ராவில் ஆகாது, சைத்ராவில் ஆகாது என்று அந்தம்மா சொன்னார். இரண்டு பஞ்சாங்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் கல்யாணம் செய்ய மாதமே மிஞ்சாது போலிருந்தது. மீனுக்குக் கடுகா, புளியா என்பது மட்டும் ஒரு வாரம் ஓடியது. அத்தை கடுகு அரைத்த இலிஷ் மீனைக் கொடுத்தனுப்பினார். அப்பா புளிக்குழம்பைக் கொண்டுபோனார். அதெல்லாமும் கார்ப்பஸில் சேர்ந்தது.

கீழ்வீட்டுக்காரர்கள் பூர்ணிமாவுக்குச் சந்தேஷ் இனிப்புக் கொண்டுவந்து கொடுத்து வாழ்த்தினார்கள். அவள் டப்பாவைத் திறக்காமலே அலமாரியில் வைத்தாள். அன்று அப்பாவிடம், இதில் அவசரப்பட வேண்டாம், ஆற அமர யோசிக்கலாம் என்று சொல்லிப் பார்த்தாள். பெத்துராஜ் உடனே ஒத்துக்கொண்டார். அவசரமே கூடாது, இன்னும் நிறையப் பேச வேண்டும் என்று சொல்லி ஞாயிற்றுக்கிழமை காலையிலும் மேலே போக ஆரம்பித்தார்.

அடுத்து, சௌமிக்கோடு சண்டை வந்துவிட்டது, பேச்சுவார்த்தை இல்லை என்று சொன்னாள். விஷயம் முறிந்துவிடும் என்பது அவள் கணக்கு. பெரியவர்கள் இருவரும் கலந்து பேசி, பிள்ளைகளைச் சமாதானப்படுத்த ரவீந்திர சரோவர் ஏரிக்கரைக்கு அழைத்துப்போனார்கள். சின்னவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவர்களுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாதென்று எட்டத்தில் மரத்தடியில் இன்னொரு பெஞ்சைப் பார்த்துக்கொண்டார்கள். சௌமிக் நேரம் முழுக்க புனேயோடு போனில் இருந்தான். பூர்ணிமா வேர்க்கடலை தின்றுகொண்டு தண்ணீரைப் பார்த்தாள். இருட்டத் தொடங்கியதும் அவளே போய்த்தான் பெரியவர்களைக் கிளப்ப வேண்டியிருந்தது.

"சமாதானம் ஆயிட்டீங்களா?" என்று கேட்டார் அப்பா.

ஆகிவிட்டது என்றாள். வேறு என்ன சொல்ல?

அதற்கடுத்த வாரம் பெத்துராஜ் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டார். கைலி கட்டிக்கொண்டே மாடிக்குப் போகிற மனிதர், புதிதாக இரண்டு முழுக்கால் சட்டை தைத்துக்கொண்டார். குளிக்கும்போது ஏதோ பெங்காலிப் பாட்டு முனகினார். பூர்ணிமா அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மகள் கல்யாணம் என்று இந்த மனிதருக்கு இவ்வளவு சந்தோஷமா? இத்தனை வருடமாக வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா? அம்மா போனதிலிருந்து தன்னோடு சேர்ந்து அவரும் அந்த வீட்டில் வெறுமனே இருந்திருக்கிறார். அந்தச் சந்தோஷத்தைத்தான் தான் கருவியில் பிடித்துக் கணினிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறோம். அப்படியும் அவள் தினமும் காலையில் பதிவை எடுத்துப்போய்க் கல்யாணியின் கணினியில் ஏற்றத் தவறவில்லை.

ஒருநாள் காலை அப்பா சொந்த ஊரான கோவில்பட்டிக்குப் போன் பேசுவது காதில் விழுந்தது. சித்தப்பா குடும்பம், அத்தை குடும்பம், எல்லாருக்கும் ஹவுராவுக்கு டிக்கெட் போடச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் பூர்ணிமாவால் தாங்க முடியவில்லை. மாடிக்குப் போய், வேலையில் இருந்த சௌமிக்கைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அவன் அத்தையின் முன்னால் நிறுத்தினாள். அப்பாவையும் மேலே வரச்சொன்னாள்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். கார்ப்பஸ், உப்பில்லாத சாம்பார், கோபத்தில் வரும் ஆங்கிலம், நாற்காலி இழுத்த சத்தம், ஒன்றையும் மறைக்கவில்லை. சௌமிக்கும் சுவரை ஒட்டி நின்று புனே விஷயத்தைச் சொன்னான். சொல்லி முடித்து இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

இப்போதாவது அந்த ஆங்கிலம் வெடிக்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். வெடித்தால் தேவலை என்றே இருந்தது.

பெத்துராஜும் ஷர்மிஷ்டாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சௌமிக்கின் அத்தைதான் முதலில் பேசினார். "ஸோ? நவ் வாட்?"

"நவ் ஆல்ஸோ ஸேம் திங் ஒன்லி" என்றார் பெத்துராஜ்.

கண்ணீருக்கு நடுவிலும் அந்த வாக்கியக் கடைசி 'ஒன்லி'யைப் பூர்ணிமாவின் மனசு குறித்துக்கொண்டது. தொழில் புத்தி.

அத்தை சௌமிக்கிடம் அந்தப் பெண் மீன் சாப்பிடுவாளா என்று மட்டும் கேட்டார். கேரளத்துப் பெண் என்றதும் முகம் தெளிந்தது. பெத்துராஜ் மகளின் தோளில் தட்டிக் கொடுத்தார். நடந்தது நடந்துவிட்டது, அழ வேண்டாம் என்றார். டிக்கெட்டுகளை நானே ரத்து செய்கிறேன் என்று அவள் சொன்னதற்கு, "அதுக்கு என்ன அவசரம்? பார்த்துக்கலாம்" என்றார். பிறகு கேட்டார்:

"உங்க புரொபசருக்கு இன்னும் எவ்வளவு வேணும்?"

"கொஞ்சம்தான் பாக்கிப்பா. நான் வேற யாரையாவது பார்த்துக்கிடுதேன்."

"எதுக்கு வேற ஆளு? கையெழுத்துப் போட்டாச்சு, முடிச்சுக் கொடுத்துருவோம். என்ன டீச்சர்?"

டீச்சர் தலையசைத்தார்.

அன்று பூர்ணிமா கீழே வந்து சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இப்படி ஓர் ஏமாற்றத்தை விழுங்கிக்கொண்டு, மகளின் வேலை நிலைக்க வேண்டுமே என்று, சம்பந்தமே இல்லாத வீட்டில் போய் மணிக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்க எந்த அப்பா சம்மதிப்பார்? இனி அவரிடம் ஒரு பொய்கூடச் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள். சாம்பாரில் உப்பை அளந்து போட்டாள். செய்தித்தாள் மறுபடி வரத் தொடங்கியது. மாலையில் அவர் மேலே கிளம்பும்போது, களைப்பாக இருந்தால் இன்றைக்குப் போக வேண்டாமே என்று சொல்லிப் பார்ப்பாள். பரவாயில்லைம்மா, கடமை என்பார் அவர், கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டே.

மழை ஓய்வதற்கு முன்பே இந்தியாவின் வீட்டுப் பேச்சுப் பகுதி நிறைந்துவிட்டது. ஸ்ரீனிவாசராகவன் எல்லாருக்கும் ரசகுல்லா வாங்கிக் கொடுத்தார். நைஜீரியாக் குழுவிலிருந்தும் நியூசிலாந்துக் குழுவிலிருந்தும் பாராட்டு வந்தது. இத்தனை இயல்பான உரையாடல் தங்களிடம்கூட இல்லை, இவர்கள் இருவரையும் எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். பூர்ணிமாவின் வேலை இன்னும் மூன்று வருடத்துக்கு உறுதியாயிற்று.

அந்தச் சந்தோஷத்தில் அவள் அப்பாவுக்கு ஒரு நல்ல சட்டை வாங்கக் கிளம்பினாள். கைப்பையை எடுத்துக்கொண்டிருந்தபோது கல்யாணி ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எட்டிப்பார்த்தாள். பதிவுகளோடு அனுப்ப வேண்டிய விவரங்களில் ஒரே ஒரு இடம் பாக்கி இருப்பதாகச் சொன்னாள். பேசுகிற 'ஏ'யும் 'பி'யும் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று குறிக்க வேண்டும்.

"பக்கத்து வீட்டுக்காரங்கன்னு போட்டுடு" என்றாள் பூர்ணிமா.

கல்யாணி சிரித்துவிட்டாள்.

"பக்கத்து வீடா? நான் 'கல்யாணம் நிச்சயமான ஜோடி'ன்னுல்ல போட்டு வச்சிருக்கேன். மாசம், மண்டபம், மீன்குழம்பு வரைக்கும் முடிவு பண்ணிட்டு, அந்த மனுஷனோட மககிட்ட இதை யாரு போய்ச் சொல்றதுன்னு மட்டும் தெரியாம ரெண்டும் கடைசி டேப் முழுக்க நடுங்குதுங்க. ஏன் பூர்ணிமா, அந்தப் பொண்ணு என்ன அவ்வளவு பெரிய ராட்சசியா?"